வற்றிய கடலின் மேல் ஒரு போர்: நிகழ்நேர வியூக விளையாட்டுக்கான கதையமைப்பு குறித்த விவாத இழை

உவர்நிலம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நானும் இரு நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிவரும் நிகழ்நேர வியூக விளையாட்டில் (முறைவைத்து ஆடாமல், இரு தரப்பும் ஒரே நேரத்தில் படை நடத்தும் கணினி விளையாட்டு) எஞ்சின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல், ஓரளவு முடிந்துவிட்டது. யூனிட்டுகள் (வீரர்கள், வண்டிகள்) நடக்கின்றன, சுடுகின்றன, பேஸ் (படைத்தளம்) கட்டுகின்றன. அவை எதற்காக ஒன்றையொன்று சுடுகின்றன என்பதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கதைக்கருவை இங்கே வைக்கிறேன். எது நிற்கும், எது விழும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு பெரிய உள்நாட்டுக் கடல். அதன் வடகரையில் ஒரு கூட்டமைப்பு, தென்கரையில் ஒரு முடியரசு. இரு நாடுகளுக்கும் இடையே தரையில் எந்த எல்லைக் கல்லும் கிடையாது; கடலின் நடுவே வரையப்பட்ட கோடுதான் எல்லை. கடலில் வந்து விழும் ஆறுகளை இரு நாடுகளும் போட்டி போட்டுக்கொண்டு பாசனத்துக்குத் திருப்பிவிட, இரண்டு தலைமுறைக்குள் கடல் வற்றிவிடுகிறது. கடல் போனதோடு எல்லையும் போய்விடுகிறது. முன்பு மீன் பிடித்த இடத்தில் இப்போது உப்புப் படிந்த வெளி. அதன் மேல் யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம், வண்டி ஓட்டி வரலாம், டாங்கியிலும் வரலாம்.

இந்தக் கரு ஏரல் கடலைப் பற்றிப் படித்தபோது தோன்றியது. 1960 வாக்கில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது, அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதால் சுருங்கிப்போனது. மொய்னாக் என்ற பழைய துறைமுகத்தின் அருகே மீன்பிடிக் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. சோவியத் ஒன்றியம் உயிரியல் ஆயுதங்களைச் சோதித்த வோஸ்ரோஷ்தேனியா தீவு, நீர் வடிந்ததால் 2001-இல் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் கதை அங்கே நடக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு நிலம் உலகில் உண்மையாகவே உருவானது என்பது எனக்குத் துணிவைத் தருகிறது.

12 மிஷன்கள் (ஆட்டக் கட்டங்கள்) கொண்ட கேம்பெயின், அதாவது கதையாகத் தொடர்ந்து ஆடும் வரிசை, எங்கள் திட்டம். இரு நாடுகளின் முந்நூறு ஆண்டு வரலாறு, அரச குலங்கள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். ஆறாவது மிஷனில் வடகரையின் 50 வீரர்கள் தென்கரையின் 100 வீரர்களை வெட்டவெளியில் எதிர்த்து நின்று வெல்வது கதையின் உச்சம்.

நிழற்படை

கரு மிக நன்றாக இருக்கிறது. கடல் வற்றியதால் எல்லை காணாமல் போவது, வரைபடத்தைப் பார்த்த நொடியிலேயே ஆட்டக்காரருக்குப் புரிந்துவிடும். விளக்கவே தேவையில்லாத போர்க்காரணம் இந்த வகை விளையாட்டில் கிடைப்பது அரிது.

முந்நூறு ஆண்டு வரலாற்றைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதை ஆட்டக்காரர் எந்த இடத்தில் தொடப்போகிறார்? மிஷனுக்கு முந்தைய விளக்கத் திரையில் ஓடும் வரலாற்றைப் பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடுவார்கள். அவர்கள் தாண்டவே முடியாத ஒன்று உண்டு: ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் எதைச் சேகரிக்கிறார்கள் என்பது. 1992-இல் வந்த டியூன் 2 விளையாட்டில் போரின் காரணமும், வண்டி போய் அள்ளிவரும் பொருளும் ஒன்றே. 1995-இல் வந்த கமாண்ட் அண்ட் காங்கரில் டைபீரியம் என்ற கற்பனைப் பொருள்தான் செல்வம். காலாட்படை அதன் மேல் நடந்தால் அதுவே உயிரைக் குடிக்கும். அந்த உலகம் எப்படிப்பட்டது என்று எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை. குறுக்கு வழியில் படையை அனுப்பியவர் வழியில் பாதிப் பேரை இழந்தபோதே தெரிந்துகொள்கிறார்.

ஆகவே என் முதல் கேள்வி: உங்கள் விளையாட்டில் சேகரிக்கப்படுவது என்ன? தங்கமும் மரமும் என்றால், கடல் வற்றிய கதை ஒரு திரைச்சீலையாக மட்டுமே பின்னால் தொங்கும்.

கணக்காயர்

ஆறாவது மிஷனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குறிபார்த்துச் சுடும் இரு படைகள் வெட்டவெளியில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 1916-இல் ஃபிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு கணக்கைத் தந்தார். படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும் என்பதே அது. அந்தக் கணக்கின்படி, ஒரே தரமுள்ள 100 பேரும் 50 பேரும் மோதினால் 50 பேரும் அழிந்து, மறுபக்கம் ஏறத்தாழ 87 பேர் மிஞ்சுவார்கள். இரண்டு மடங்கு படையைச் சமன்செய்ய உங்கள் வீரர் ஒவ்வொருவரும் நான்கு மடங்கு வல்லவராக இருக்க வேண்டும். நிகழ்நேர வியூக விளையாட்டின் எஞ்சின் இயல்பாகவே இந்தக் கணக்கை ஒட்டித்தான் நடந்துகொள்ளும். கதைக்காக நீங்கள் வீரர்களின் வலிமையை ரகசியமாக உயர்த்தினால், அடுத்த மிஷனில் அது காணாமல் போகும்போது ஆட்டக்காரர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

அதே கணக்கு உங்களுக்கு வேறொரு வழியையும் காட்டுகிறது. எதிரியின் 140 பேரை 70, 70 என இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சந்தித்தால் 100 பேர் போதும். முதல் மோதலில் சுமார் 71 பேர் மிஞ்சுவார்கள். இரண்டாவதிலும் நூலிழையில் வென்றுவிடலாம். ஆகவே சிறுபடை வெல்ல வேண்டுமென்றால், எதிரிப்படை எதனால் இரண்டாகப் பிரிந்தது என்பதைக் கதை சொல்ல வேண்டும். வற்றிய கடலில் அதற்குக் காரணமா இல்லை? சேறு, உப்புப்புயல், இன்னும் வற்றாமல் கிடக்கும் ஒரு நீர்த்திட்டு என எத்தனையோ உண்டு. வீரத்தைப் பற்றிய வசனத்தைவிட அந்தப் புயலின் நேரத்தைச் சரியாகக் கணித்த ஆட்டக்காரரின் மகிழ்ச்சி ஆழமாக நிற்கும்.

உவர்நிலம்

இருவருக்கும் நன்றி. நிழற்படை கேட்ட கேள்வி என்னைத் திட்டத்தின் அடிப்படைக்கே கொண்டுபோய்விட்டது. சேகரிக்கும் பொருட்கள் இரண்டு போதும் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று, கிணற்று நீர். மற்றொன்று, மணலில் நிற்கும் கப்பல்களை உடைத்து எடுக்கும் இரும்பு.

கிணறு ஊறும், ஆனால் மெதுவாக ஊறும். ஊற்றைவிட வேகமாக இறைத்தால் நீர் உவர்ப்பாக மாறும். உவர் நீரைக் கொண்டு இயந்திரங்களைக் குளிர்விக்கலாம், ஆட்களுக்குக் கொடுக்க முடியாது. எனவே பேராசை பிடித்த ஆட்டக்காரரிடம் டாங்கிகள் இருக்கும், காலாட்படை இருக்காது. கப்பல் இரும்போ எடுத்தால் தீர்ந்துவிடும். எடுத்து முடித்த இடத்தில் மறைந்து நிற்கவும் எதுவும் இருக்காது, ஏனென்றால் அந்த வெளியில் கப்பல்களைத் தவிர வேறு மறைவே கிடையாது.

வெட்சிமாலை

இப்போது இது உண்மையான போரைப் போல ஆகிவருகிறது. மிஷன்களின் வரிசையைப் பற்றி ஒரு யோசனை சொல்ல விரும்புகிறேன்.

நம் புறத்திணை மரபு போரை ஒரே நிகழ்ச்சியாகப் பார்க்கவில்லை. ஆநிரையைக் கவர்ந்து செல்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. மாற்றார் மண்மேல் படையெடுப்பது வஞ்சி, அதை எதிர்த்து ஊன்றி நிற்பது காஞ்சி. மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. இரு படையும் களம் குறித்து மோதுவது தும்பை, வெல்வது வாகை. நிகழ்நேர வியூக விளையாட்டில் நாம் ஆடும் மிஷன் வகைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன.

இதில் நமக்கு உதவுவது இரண்டு செய்திகள். முதலாவது, அரசன் கொலையிலோ பெரும் படையெடுப்பிலோ போர் தொடங்குவதில்லை. பக்கத்து மண்ணின் செல்வத்தை இரவோடு இரவாக ஓட்டிவருவதில்தான் தொடங்குகிறது. உங்கள் கதையில் அது மாடுகளாக இல்லாமல் தண்ணீர் லாரிகளாக இருக்கட்டும். முதல் மிஷனில் வெறும் ஆறு பேரை வைத்துக்கொண்டு நான்கு லாரிகளை உப்புவெளியைக் கடந்து ஓட்டிவர வேண்டும். ஆட்டக்காரருக்குக் கட்டுப்பாடுகளைக் கற்றுக்கொடுக்கும் மிஷனாகவும் அது அமையும், போரின் முதல் குற்றத்தை அவரே செய்ததாகவும் அமையும்.

இரண்டாவது, திணைகள் இணை இணையாக வருகின்றன. ஒருவனுக்கு வெட்சி என்றால் மற்றவனுக்குக் கரந்தை. ஒருவனுக்கு உழிஞை என்றால் மற்றவனுக்கு நொச்சி. ஒரே நிகழ்ச்சியை இரு பக்கமிருந்தும் ஆடவைக்க இதைவிட இயல்பான சட்டகம் எனக்குத் தெரியவில்லை. கையறுநிலை என்றொரு துறையும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். இறந்தவர்களுக்காக இரங்கும் ஒரு சிறு மிஷனாவது 12-இல் இருக்க வேண்டும்.

இரவுக்காவல்

லாரி மிஷன் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வெளியில் குடிமக்கள் யாருமே இல்லையா? கடல் பின்வாங்கிய இடத்துக்குப் பின்னாலேயே போய்க் குடியேறிய மீனவர்கள் இருப்பார்கள். கிணறுகளை அவர்கள்தான் தோண்டியிருப்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத போர்க்கதை அரைக்கதைதான்.

2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3-இல் ஒரு மிஷன் உண்டு. நச்சேறிய தானியத்தை உண்ட நகர மக்கள் நடைபிணங்களாக மாறப்போகிறார்கள் என்று அறிந்த இளவரசன் ஆர்த்தஸ், அவர்களை முந்திக்கொண்டு அழிக்க முடிவெடுக்கிறான். எதிரி 100 பேரைத் தன்வசமாக்குவதற்குள் நாம் 100 பேரைக் கொன்றாக வேண்டும். வீடு வீடாக இடித்துக்கொண்டு போகும்போது திரையின் மேல்மூலையில் எண் ஏறுகிறது. அந்த எண் ஏறுவதைக் கண்டு மகிழும் நம் மனத்தைத்தான் அந்த விளையாட்டு நமக்குக் காட்டுகிறது. உங்கள் கதைக்கும் அப்படி ஒரு மிஷன் வேண்டும். கிணற்றைக் கைப்பற்ற ஒரு குடியிருப்பைக் காலிசெய்யும்படி ஆணை வரட்டும்.

நிழற்படை

அந்த மிஷனின் வலிமையை நானும் ஏற்கிறேன், ஆனால் அதே வழியில் போவதை ஏற்கவில்லை. அங்கே ஆட்டக்காரருக்கு வேறு பொத்தானே இல்லை. கொன்றால்தான் அடுத்த மிஷன் திறக்கும். ஆர்த்தஸ் ஏற்கெனவே எழுதப்பட்ட பாத்திரம், அவனுடைய வீழ்ச்சியை நாம் உடனிருந்து பார்க்கிறோம், ஆகவே அங்கே அது பொருந்துகிறது. இங்கே ஆட்டக்காரர் பெயரில்லாத ஒரு தளபதி. அவருக்கு ஆணையிட்டுச் செய்யவைத்துவிட்டுப் பிறகு அவரையே குற்றவாளியாக்கினால், "நீங்கள்தானே செய்யச் சொன்னீர்கள்" என்று அவர் திருப்பிக் கேட்பது நியாயம்.

கிணற்றின் விதியே இதற்குப் போதும் என்பது என் கருத்து. குடியிருப்பும் பேஸும் ஒரே நிலத்தடி நீரைப் பகிர்ந்துகொள்ளட்டும். நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? வழக்கம்போல முதல் நிமிடத்திலேயே மிகுந்த நீருள்ள கிணற்றருகே பேஸைக் கட்டுவோம், முழு வேகத்தில் இறைப்போம், படை உச்சவரம்பைத் தொட்ட பிறகே நகர்வோம். யாரும் நம்மைத் தடுக்க வேண்டாம், யாரும் கடிந்துகொள்ளவும் வேண்டாம். பதினைந்தாவது நிமிடத்தில் திரையின் ஓரத்தில் அந்தக் குடியிருப்பின் மக்கள் மூட்டை முடிச்சோடு வரிசையாக நடக்கத் தொடங்கட்டும். ஒரு வசனமும் வேண்டாம். பழக்கத்தால் நாம் செய்த காரியத்தின் விளைவு கண்முன்னே நடந்து போகும்.

இரவுக்காவல்

ஆணையிட்டுச் செய்யவைப்பதைவிட இது கூர்மையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரத்தில் நடப்பதைப் பார்க்காமலே மிஷனை முடித்துவிடுபவர்கள்தான் பாதிப் பேர் இருப்பார்கள். அந்த மக்கள் பிறகு எங்கேயாவது திரும்பி வர வேண்டும்; இல்லையென்றால் அது அலங்காரமாக நின்றுவிடும்.

வரைபடத்தச்சன்

நான் பல ஆண்டுகளாக மேப் எடிட்டரில் (ஆட்டக்களத்தை வரையும் மென்பொருளில்) வேலை செய்பவன். கதை எங்கே உடையும் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கப்பல் மயானத்தில் நடக்கும் ஒரு மிஷனை எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து படை நுழைகிறது, நடுவில் மணலில் சாய்ந்து கிடக்கும் கப்பல்கள், தெற்கே தென்கரையின் காவல் நிலை. கதைப்படி மூன்றாவது கப்பலை அடைந்ததும் உப்புப்புயல் எழ வேண்டும். எழுதுபவர் மூன்றாவது கப்பலைச் சுற்றி ஒரு டிரிகர் வட்டம் (படை உள்ளே நுழைந்ததும் நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கும் எல்லை) போடுவார். ஆட்டக்காரரோ மேப்பின் மேற்கு விளிம்பை ஒட்டியே வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய்க் காவல் நிலையைப் பின்பக்கமிருந்து தாக்குவார். புயலே வராது, அடுத்து வரும் வசனம் மட்டும் "இந்தப் புயலில் எப்படித் தப்பினோம்" என்று பேசும். இந்த ஓட்டையை மேலும் மேலும் டிரிகர் வைத்து அடைக்க முயன்றால் முடிவே இருக்காது.

ஆகவே புயலை இடத்தோடு கட்டாதீர்கள், நேரத்தோடு கட்டுங்கள். சில நிமிட இடைவெளியில் வடகிழக்கிலிருந்து புயல் தானாகவே வந்து போகட்டும். வருவதற்கு முன் அடிவானம் வெளுக்கட்டும். புயலுக்குள் பார்வைத் தூரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையட்டும். கப்பலை ஒட்டி நிற்கும் யூனிட்டுக்கு மட்டும் சேதம் இல்லாமல் இருக்கட்டும். இந்த நான்கு விதிகளையும் வைத்துவிட்டால், கணக்காயர் சொன்னபடி எதிரிப்படையை இரண்டாகப் பிரிக்கும் சந்தர்ப்பம் ஆட்டக்காரரின் கையிலேயே கிடைக்கும். எதிரியின் முன்வரிசை முதல் கப்பலைத் தாண்டி வந்திருக்கும்போது புயல் இறங்கினால், பின்வரிசைக்கு முன்வரிசை தெரியாது. அந்த ஒரு நிமிடத்துக்காக ஆட்டக்காரர் காத்திருப்பார். கதாசிரியர் எழுதாத ஒரு கதை ஒவ்வொருவருக்கும் நடக்கும்.

இரும்புக்காக அந்தக் கப்பல்களை முன்பே உடைத்துத் தின்றுவிட்டவருக்கு ஒதுங்க இடமிருக்காது. அதைச் சொல்லும் வசனமும் தேவையில்லை.

வெட்சிமாலை

அப்படியானால் இரவுக்காவலின் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்டில் மனிதர்களின் கேம்பெயினில் கைவிடப்படும் கெரிகன், அடுத்த கேம்பெயினில் நாம் காவல் காக்கும் கூட்டுக்குள்ளிருந்து எதிரினத்தின் உருவில் வெளியே வருகிறாள். பக்கம் மாறும்போதுதான் முந்தைய செயலின் எடை தெரிகிறது. நீங்களும் 12 மிஷன்களை ஆறு ஆறாகப் பிரித்து, முதலில் வடகரை, பிறகு தென்கரை என்று வையுங்கள். இரண்டாம் பாதியில் அதே மேப்புகள் திரும்பி வரட்டும். முதல் பாதியில் ஆட்டக்காரர் உவர்ப்பாக்கிய கிணறுகள் உவர்ப்பாகவே இருக்கட்டும். அன்று மூட்டையோடு நடந்துபோன மக்கள் இப்போது தென்கரையின் படையில் சேர வந்து நிற்கட்டும்.

வரைபடத்தச்சன்

யோசனை அருமை, அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1999-இல் வந்த ஹோம்வேர்ல்டில் ஒரு மிஷனில் மிஞ்சிய கப்பல்கள்தான் அடுத்த மிஷனுக்கு வரும். கதைக்கு அது பெரிய பலம். எரிந்துபோன தாய்க்கோளை விட்டுப் புறப்பட்ட கூட்டத்துக்கு ஒவ்வொரு கப்பலும் உயிர் என்பதை நம்மால் உணர முடிகிறது. ஆனால் தொடர்ச்சியைக் கடத்தும் எந்த அமைப்பிலும், மோசமாக ஆடியவர் மேலும் மோசமான நிலையில் அடுத்த மிஷனைத் தொடங்குகிறார். எல்லாக் கிணற்றையும் கெடுத்தவர் தென்கரையின் முதல் மிஷனிலேயே வெல்ல வழியில்லாமல் நின்றுவிட்டால், அவர் விளையாட்டைக் கணினியிலிருந்து நீக்கிவிடுவார். கதை அங்கேயே முடிந்துவிடும்.

தென்கரைக்கு வேறொரு நீர்வழி கொடுங்கள். தொலைவிலிருந்து வரும் தண்ணீர் ரயில் ஒன்று போதும். அது விலை மிகுந்தது, தாமதமானது, தாக்கப்படக்கூடியது, ஆனாலும் வந்துசேரும். கிணறுகளைக் காப்பாற்றியவருக்கு ரயில் தேவைப்படாது. கெடுத்தவர் மிஷன் முழுவதும் தண்டவாளத்தைக் காத்துக்கொண்டே போர் செய்ய வேண்டியிருக்கும். கடினம் கூடும், வழி அடைபடாது.

கணக்காயர்

ரயில் நீர் கொண்டுவரும் வேகத்தைக் கிணறு ஊறும் வேகத்தின் பாதியாக வைத்துத் தொடங்குங்கள். சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். படைச் சேர்க்கைக்கு வரும் மக்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வேண்டும். இல்லையென்றால் வேண்டுமென்றே எல்லாக் கிணற்றையும் கெடுத்து, இரண்டாம் பாதியில் பெரும்படை திரட்டும் தந்திரத்தை யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரவுக்காவல்

கதையைச் சொல்லும் குரல் யாருடையது என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். 1997-இல் வந்த மித் விளையாட்டில் ஒரு சாதாரண வீரனின் நாட்குறிப்புதான் மிஷன்களை இணைக்கிறது; தளபதிகள் என்ன திட்டமிட்டார்கள் என்பது அவனுக்கே முழுதாகத் தெரியாது. அதனால் நமக்கும் தெரிவதில்லை, அந்த இருட்டு கதைக்கு நன்மையே செய்கிறது. உங்களுக்குக் கிணறு தோண்டும் ஒருவரின் குரல் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரு பக்கப் படைகளுக்கும் தோண்டித் தந்தவர் அவர். எத்தனை அடியில் நீர், எத்தனை அடியில் உப்பு என்று மட்டுமே பேசுவார். ஆறாவது மிஷனுக்குப் பிறகு பக்கம் மாறினாலும் அதே குரல் தொடரலாம்.

உவர்நிலம்

இந்த இழையில் சொல்லப்பட்டவற்றை எங்கள் குழு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகளை எழுதுகிறேன்.

முந்நூறு ஆண்டு வரலாற்றில் கேம்பெயினுக்குள் வருவது ஒரே ஒரு ஒப்பந்தம்தான்: கடலின் நடுக்கோடே எல்லை என்ற ஒப்பந்தம். மற்றவை எங்கள் குறிப்பேட்டில் இருக்கும். முதல் மிஷன் லாரிகளைக் கவர்வது. வடகரைக்கு அது தாகத்தால் செய்த செயல், தென்கரைக்கு அது கொள்ளை. ஏழாவது மிஷனில் அதே இரவைத் தென்கரையின் பக்கமிருந்து ஆடுவோம், அங்கே லாரி ஓட்டுநர்கள் யார் என்பது தெரியவரும். 50 பேர் 100 பேரை வெட்டவெளியில் வெல்லும் காட்சியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கப்பல் மயானமும் புயலும் வந்துவிட்டன. காலிசெய்யும் ஆணை எதுவும் இருக்காது. நிலத்தடி நீர் விதி மட்டும் இருக்கும். இறந்தவர்களுக்கான மிஷன் பத்தாவதாக வரும். சண்டை கிடையாது, புயல் இறங்குவதற்குள் இரு பக்கத்து உடல்களையும் சேகரித்துக் கரை சேர்க்க வேண்டும். எதிரியின் யூனிட்டுகளும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். சுட்டால் சுடலாம், எஞ்சின் தடுக்காது.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெற்றியைக் காட்டும் கடைசி மிஷனை எல்லோரும் பெரும்போராக எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது அணையில் நடக்க வேண்டும். ஏரல் கடலின் வடபகுதியில் 2005-இல் கட்டி முடிக்கப்பட்ட கோக் ஏரல் அணைக்குப் பிறகு அந்தப் பகுதியில் நீர்மட்டம் ஏறி மீன்பிடித் தொழில் திரும்பியது. தெற்கே போகும் நீர் குறைந்தது. எங்கள் 12-ஆவது மிஷனிலும் மதகு ஒன்று இருக்கும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைத் தென்கரைத் தளபதியாக இருக்கும் ஆட்டக்காரர் தீர்மானிப்பார், முன்பு வடகரைத் தளபதியாக இருந்தவரும் அவரே என்ற நினைவோடு.

நிழற்படை

மதகைத் திருப்பிய பிறகு மேப்பில் நீர் உண்மையாகவே பரவுமா, அல்லது கட்சீன் (ஆட முடியாத, பார்க்க மட்டுமே முடிந்த காட்சி) மட்டும்தானா? பரவுமானால், அந்த உப்புவெளியில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் யூனிட்டுகள் என்ன ஆகும்?

உவர்நிலம்

பரவும். எஞ்சினில் நீர்மட்டம் கட்டம் கட்டமாக ஏறும்படி நண்பர் எழுதி முடித்துவிட்டார். தாழ்ந்த இடத்தில் நிற்கும் டாங்கிகள் மூழ்கும். காலாட்படை மேட்டை நோக்கி ஓடும். உடைக்காமல் விட்ட கப்பல்கள் மட்டும் மிதக்க முயலும், அவற்றில் ஆட்களை ஏற்றலாம். எத்தனை கப்பல் மிஞ்சியிருக்கிறது என்பது ஆட்டக்காரர் எவ்வளவு இரும்பு எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

முதல் மூன்று மிஷன்களின் மேப் கோப்புகளைத் தயாரானதும் இதே இழையில் பதிவேற்றுகிறேன். விளையாடிப் பார்ப்பவர்கள் இரண்டு செய்திகளை மட்டும் குறித்து எழுதினால் போதும்: முதல் பேஸை எந்தக் கிணற்றருகே கட்டினீர்கள், மக்கள் நடக்கத் தொடங்கியதை எந்த நிமிடத்தில் கவனித்தீர்கள். கவனிக்கவே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அந்த வரிசையை மேப்பின் எந்த இடம் வழியாக நடத்திச் செல்வது என்பதை வரைபடத்தச்சனோடு சேர்ந்து முடிவுசெய்ய அது தேவைப்படும்.